விற்காமல் மிஞ்சினால் யார் தலையில்?

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டச் சந்தியில் என் சித்தப்பா இருபது வருடத்துக்கு மேல் சில்லறைக் கடை வைத்திருந்தார். பள்ளி விடுமுறை விட்டால் நான் அங்கேதான் கிடப்பேன். உள்ளே நுழைந்ததும் முகத்துக்கு நேரே ஷாம்பூ பக்கட் சரம் தொங்கும். ஒரே ஒரு வகைச் சவர்க்காரம், இரண்டு வகை பிஸ்கட், மூட்டையில் கோதுமை மா, மைசூர்ப் பருப்பு, சீனி, பெட்டியில் நெத்தலிக் கருவாடு. அவ்வளவுதான். அதே சவர்க்காரம் ஹட்டன் டவுனில் ஐந்து வாசனையில் கிடைக்கும். ஒருநாள் கேட்டேன்: "ஏன் சித்தப்பா, நம்ம கடையில மட்டும் ஒண்ணுதான் இருக்கு?"

"வாங்கிப் போட்டு வித்தா லாபம் எல்லாருக்கும்டா. விக்காட்டி நட்டம் எனக்கு மட்டுந்தான்" என்றார்.

அந்தப் பதிலை முழுதாகப் புரிந்துகொள்ள எனக்குப் பல வருடம் ஆனது. பிற்பாடு ஒரு விநியோகஸ்தரிடம் விற்பனைப் பிரதிநிதியாகச் சேர்ந்து மூன்று வருடம் தோட்டப் பாதைகளில் வேனில் திரிந்தேன். அந்தத் தொழிலில் நாளெல்லாம் வாயில் புரளும் சொற்கள் இரண்டு: 'ஓடும்', 'ஓடாது'. இந்தச் சாமான் டவுனில் ஓடும், தோட்டத்தில் ஓடாது. ஏன் ஓடாது என்று கேட்டால், தோட்டத்து மக்களிடம் காசு இல்லை, அவர்களுடைய ருசியும் அவ்வளவுதான் என்பார்கள். காசைப் பற்றிச் சொல்வதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ருசியைப் பற்றிச் சொல்வது பொய். எத்தனை பேர் கேட்பார்கள் என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. அப்படி இருக்கையில் மிஞ்சுவதை யார் சுமப்பது என்பதில்தான் ஒரு பொருள் தட்டுக்கு வருமா வராதா என்பது பெரும்பாலும் முடிவாகிறது.

இந்த நிச்சயமின்மை மலையகத்தில் முதலில் வானத்திலிருந்து வருகிறது. ஏப்ரல், மே மாதங்களில் மழையும் வெயிலும் மாறி மாறி வர, கொழுந்து கொட்டும். பெப்ரவரி வரட்சியில் தளிர் ஒடுங்கிவிடும். தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் நாட்கணக்கில் மழையும் மூட்டமும் விலகாது. நாட்சம்பளம் 2021-ல் 1,000 ரூபாவாகவும் 2024-ல் 1,350 ரூபாவாகவும் ஏறியது உண்மைதான். ஆனால் மாதச் சம்பளம் அந்த மாதம் எத்தனை 'பேர்', அதாவது எத்தனை முழுநாள் வேலை, பதிவில் விழுந்தது என்பதைப் பொறுத்தது. நிர்ணயித்த கிலோ பறிக்காவிட்டால் அரைப்பேர். கொழுந்து இல்லாத மாதத்தில் வேலை நாளே குறையும். பெரும்பாலான தோட்டங்களில் 10-ம் திகதியை ஒட்டிச் சம்பளம் போடுவார்கள். அன்று முதல் நாலைந்து நாள் கடையில் கூட்டம், பிறகு கடன் கொப்பி. அந்தக் கூட்டம் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று, பத்து நாள் முன்பு சரக்கு எடுக்கும் கடைக்காரருக்கு உறுதியாகத் தெரியாது.

இன்னொரு ஊற்று கொழும்பில் இருக்கிறது. 1883-லிருந்து அங்கே தேயிலை ஏலம் நடக்கிறது. வாராவாரம் விலை தீர்மானமாகிறது. ஈராக்கிலோ ரஷ்யாவிலோ துருக்கியிலோ வாங்குபவர்கள் கையை இழுத்துக்கொண்டால் அந்த வாரமே தெரிந்துவிடும். ஆனால் கொழுந்து காத்திருக்காது. பறித்ததை வாட்டி, மறுநாளைக்குள் தூளாக்கியே ஆக வேண்டும். அதை பி.ஓ.பி. என்ற தரமாக்குவதா, அதைவிடப் பொடியான பி.ஓ.பி.எஃப். ஆக்குவதா, எந்தத் தரத்தில் எவ்வளவு என்பதைச் சில வாரம் கழித்து வரப்போகும் விலையை ஊகித்துத்தான் ஃபெக்டரியில் தீர்மானிக்கிறார்கள். தாழ்நிலத் தேயிலை பெரும்பாலும் மத்திய கிழக்குச் சந்தைக்கு ஏற்ற இலைத் தரமாகப் போவதும், மலைநாட்டுத் தேயிலை பெரும்பாலும் பொடித்த தரமாக நிற்பதும் இப்படி வருடக்கணக்காக ஊகித்து ஊகித்துப் படிந்த பழக்கங்கள். விலையைத் தன் கையில் வைத்துக்கொள்ள முடியாத தோட்ட நிர்வாகத்தின் கையில் மிஞ்சுவது செலவு. அதில் எளிதாகக் குறைக்கக்கூடியது வேலை நாள். ஏலத்தில் ஆரம்பித்த நிச்சயமின்மை பேர் எண்ணிக்கைக்கு இறங்கி, சம்பளத்துக்கு இறங்கி, கடைசியில் சித்தப்பாவின் கடன் கொப்பியில் வந்து உட்காரும்.

சரி, கடைக்காரர் எப்படி முடிவெடுக்கிறார்? பாணை எடுத்துக்கொள்வோம். கணக்குக்காக இலேசான எண்கள் போடுகிறேன். ஒரு பாண் செய்ய பேக்கரிக்கு 60 ரூபா செலவு. கடைக்கு 100 ரூபாவுக்குக் கொடுக்கிறது. கடைக்காரர் 120-க்கு விற்கிறார். அன்று விற்காத பாண் மறுநாள் காசுக்கு உதவாது. ஒரு நாளில் 20 பாணும் கேட்கப்படலாம், 50 பாணும் கேட்கப்படலாம். இடையில் எந்த எண்ணுக்கும் ஒரே வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். சராசரி 35. அப்படியானால் 35 பாண் எடுப்பதுதானே நியாயம்?

கடைக்காரருக்கு அது நியாயமில்லை. ஒரு பாண் குறைவாக எடுத்து அதைக் கேட்டு ஆள் வந்தால் அவர் இழப்பது 20 ரூபா லாபம். ஒன்று கூடுதலாக எடுத்து மிஞ்சினால் இழப்பது போட்ட முதல் 100 ரூபா. ஒரு பக்கம் 20, மறுபக்கம் 100. இரண்டையும் கூட்டினால் 120. அதில் 20 என்பது ஆறில் ஒரு பங்கு. எனவே ஆறு நாளில் ஒருநாள் மட்டும் மிஞ்சுகிற அளவுக்கு எடுப்பதுதான் அவருக்குக் கட்டுப்படியாகும். 20-க்கும் 50-க்கும் இடைப்பட்ட 30-ல் ஆறில் ஒன்று 5. ஆக, 25 பாண். ஆறில் ஐந்து நாள் யாராவது ஒருவர் பாண் இல்லாமல் திரும்பிப் போவார்.

இது நான் கண்டுபிடித்த கணக்கு அல்ல. ஒரு வங்கி எவ்வளவு ரொக்கத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்று பார்க்க 1888-லேயே எஜ்வர்த் என்ற பொருளியலாளர் இதே வழியில் யோசித்தார். 1951-ல் கென்னத் ஆரோவும் இரண்டு சகாக்களும் சரக்கிருப்புக்கு இதை முறையாக எழுதினார்கள். பத்திரிகை விற்கும் பையனை உதாரணமாக வைத்துப் பாடப் புத்தகங்கள் இன்றும் இதைச் சொல்லிக்கொடுக்கின்றன; நேற்றைய பத்திரிகையும் நேற்றைய பாணும் ஒன்றுதானே. சித்தப்பா எட்டாம் வகுப்புவரைதான் படித்தவர். ஆனால் எந்தப் பொருளிலும் அவர் கண் முதலில் போனது இந்த இரண்டு எண்களுக்குத்தான்: விற்றால் எவ்வளவு, மிஞ்சினால் எவ்வளவு.

இப்போது அதே பாணை பேக்கரியையும் கடையையும் ஒரே குடும்பமாக நினைத்துப் பாருங்கள். குடும்பத்துக்கு ஒரு பாணின் செலவு 60, வரவு 120. விற்காமல் போனால் நட்டம் 60, கேட்டவருக்கு இல்லாமல் போனால் இழப்பும் 60. இரண்டும் சமம் என்பதால் பாதி நாள் மிஞ்சினாலும் பரவாயில்லை. அப்படியானால் எடுக்க வேண்டியது 35. ஒரே மக்கள், ஒரே பசி, ஒரே பாண். ஆனால் நடுவில் ஒரு கை மாறுவதால் 10 பாண் காணாமல் போகிறது. அந்த 10 பாண் 'ஓடாது' என்று யாரும் நிரூபிக்கவில்லை. மிஞ்சினால் முழு நட்டமும் கடைக்காரரின் தலையில் என்ற ஏற்பாடு மட்டும்தான் அதை இல்லாமல் ஆக்கியது.

ஏற்பாட்டை மாற்றினால் என்ன ஆகும்? மிஞ்சும் பாணை 80 ரூபாவுக்குத் திருப்பி எடுப்பதாக பேக்கரி சொல்லட்டும். கடைக்காரருக்கு மிஞ்சினால் நட்டம் இப்போது 20 தான். விற்றால் லாபமும் 20. அவர் தானாகவே 35 எடுப்பார். பேக்கரிக்கு இது தர்மம் இல்லை. முன்பு 25 பாணில் அதன் நாள் லாபம் 1,000 ரூபா. இப்போது 35 பாணில் 1,400. சராசரியாக நாலு பாணுக்குச் சற்றுக் குறைவாகத் திரும்பி வரும், அதற்கு 300 ரூபா போனாலும் மிச்சம் 1,100. கடைக்காரரின் சராசரி லாபம் 450-லிருந்து 550 ஆகிறது. இருவருக்கும் 100 ரூபா கூடுகிறது, ஊருக்கும் தினம் சராசரியாக ஆறு ஏழு பாண் கூடுதலாகக் கிடைக்கிறது. சரியான திருப்பி எடுக்கும் விலையை வைத்தால் விநியோகப் பாதை முழுவதும் ஒரே குடும்பம்போல நடக்கும் என்று 1985-ல் பாஸ்டர்நாக் என்பவர் ஒரு ஆய்வுக் கட்டுரையில் காட்டினார். நான் வேலை பார்த்த இடத்தில் 'ரிட்டர்ன்' என்ற சொல்லைக் கேட்டாலே மேலாளருக்கு முகம் மாறும். டவுனில் உள்ள பெரிய சுப்பர் மார்க்கெட் கேட்டால் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொள்வார்கள். தோட்டச் சந்திக் கடை கேட்டால் 'கம்பெனி விதி' என்று நாங்கள் சொல்ல வேண்டும். நானே பல கடைகளில் அப்படிச் சொல்லியிருக்கிறேன். இப்போது நினைத்தாலும் மனம் கனக்கிறது.

மிஞ்சினால் வரும் நட்டம் மலையில் இன்னும் கூடுதல் என்பதையும் சொல்ல வேண்டும். மூட்டமான மாதத்தில் பிஸ்கட் நமுத்துப்போகும், சலவைத் தூள் கட்டி பிடிக்கும், உப்பு ஈரம் கசியும். பொருளின் மேல் அச்சடித்த காலாவதித் திகதி கொழும்புக்கும் மஸ்கெலியாவுக்கும் ஒன்றுதான், ஆனால் வேன் சந்திக்கு வந்து சேரும்போது அதில் கொஞ்சம் தீர்ந்திருக்கும். விற்ற பொருளுக்கும் காசு உடனே வருவதில்லை. கொப்பியில் எழுதிய கடன் அடுத்த சம்பளத்துக்குத்தான் வரும். விநியோகஸ்தருக்கோ கையில் காசு, இல்லாவிட்டால் ஏழு நாள் செக். இத்தனையும் சேர்ந்து கடைக்காரரின் கையைக் கட்டுகிறது. அவர் இரண்டாவது வாசனைச் சவர்க்காரத்தை எடுக்கத் தயங்குவதில் ஆச்சரியம் இல்லை.

இரண்டாவது வாசனை என்றதும் இன்னொரு விஷயம். மாதம் 60 சவர்க்காரம் விற்கும் கடையில், ஒரே வகையாக இருந்தால் 60-ஐ ஒட்டிச் சரக்கு வைத்தால் போதும். அதையே ஐந்து வாசனையாகப் பிரித்தால் மொத்தம் 60 என்பது ஏறக்குறைய தெரியும், ஆனால் ரோஜா எத்தனை, வேப்பிலை எத்தனை என்பது தெரியாது. வகை கூடக் கூடத் தெரியாமை ஒவ்வொரு வகைக்குள்ளும் புகுந்துகொள்ளும். பெரிய கடை அதைத் தாங்கும். மாதம் 6,000 விற்கும் இடத்தில் ஒவ்வொரு வாசனையும் தனக்கென்று ஒரு சராசரியைப் பிடித்துக்கொள்ளும். சின்னக் கடையில் ஒரு அக்கா வாங்காமல் விட்டால் ஒரு வாசனை மொத்தமும் தேங்கிவிடும்.

சேர்த்து வைத்தால் தெரியாமை குறையும் என்பது விநியோகத் துறையின் பழைய பாடம். ஒரே அளவான, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு கடைகளின் முன்னெச்சரிக்கைச் சரக்கை ஒரே களஞ்சியத்தில் வைத்தால், நாலு மடங்குக்குப் பதில் இரண்டு மடங்கு இருந்தாலே போதும். ஒரு கடையில் கூடுவதை இன்னொரு கடையில் குறைவது ஈடுகட்டும். ஆனால் 'சம்பந்தமில்லாத' என்ற சொல்லில்தான் மலையகத்தின் பிரச்சினை இருக்கிறது. ஒரு மலைச்சரிவில் இருக்கும் நாலு கடைகளுக்கும் ஒரே மழை, ஒரே கொழுந்து, ஒரே சம்பள நாள். ஒன்று படுத்தால் நாலும் படுக்கும். அங்கே கடைகள் தங்களுக்குள் சேர்ந்தாலும் பெரிய ஆதாயம் இல்லை. ஹட்டனையும் யாழ்ப்பாணத்தையும் காலியையும் ஒரே கணக்கில் பார்க்கக்கூடியவர் தேசிய அளவிலான நிறுவனம் ஒன்றுதான். மலையில் மழை பெய்தால் வடக்கில் வெயில் அடிக்கும், அதற்கு இது ஈடாகிவிடும். ஆபத்தை மிக மலிவாகச் சுமக்கக்கூடியவர் அவர். ஆனால் வழக்கத்தில் அதைச் சுமப்பவர், ஒரே மழையை நம்பி இருக்கும் சந்திக் கடைக்காரர். இந்தத் தலைகீழான ஏற்பாடுதான் என்னை உறுத்துகிறது.

சிலர் இதற்குச் சக்கரத்தில் பதில் கண்டிருக்கிறார்கள். காலையிலும் மாலையிலும் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் சூன் பாண் ஓட்டோவைப் பாருங்கள். அதன் சரக்கு எந்த ஒரு இடத்துக்கும் கட்டுப்பட்டதல்ல. தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில், மேல் லயத்தில் கேட்காவிட்டால் கீழ் லயத்தில் கேட்பார்கள், அங்கும் இல்லாவிட்டால் டவுன் சந்தியில். ஒரு கடை 25 பாணோடு நிற்கும் இடத்தில், பல லயங்களைச் சேர்த்துச் சுற்றும் ஓட்டோ துணிந்து அதிகம் ஏற்றலாம், மாலு பாண், கிம்புலா பனிஸ் என்று வகையும் வைக்கலாம். சம்பள நாளில் துணிமணியோடும் பிளாஸ்டிக் சாமானோடும் தோட்டத்துக்கு வரும் வேன் வியாபாரியும் அப்படித்தான். தோட்டத்துக்குத் தோட்டம் திருவிழாத் திகதி மாறும். இந்த வாரம் இங்கே மிஞ்சிய வளையல் அடுத்த வாரம் அடுத்த மாரியம்மன் கோவிலில் விற்கும்.

சித்தப்பாவிடம் சக்கரம் இல்லை. தராசு இருந்தது. 50 கிலோ பருப்பு மூட்டை ஒன்றைத் திறந்து வைத்திருப்பார். சம்பளத்தன்று வருபவருக்கு இரண்டு கிலோ, இருபதாம் திகதி வருபவருக்கு 100 கிராம், தாளில் சுருட்டிக் கட்டிக் கொடுப்பார். ஒரு கிலோ பக்கட் எத்தனை, கால் கிலோ பக்கட் எத்தனை என்று முன்கூட்டியே ஊகிக்க வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. வாங்குபவர் வந்து நின்று கேட்ட பிறகுதான் அந்தப் பருப்பு எந்த அளவுப் பொருள் என்பதே முடிவாகும். முடிவைக் கடைசி நிமிடம்வரை தள்ளிப்போடும் இந்தத் தந்திரத்தை உலகப் பெரும் நிறுவனங்கள் பெருமையாகச் சொல்லும். இத்தாலியின் பெனட்டன் நிறுவனம் சாயம் போடாத நூலில் ஸ்வெட்டரைப் பின்னி வைத்துக்கொண்டு, எந்த நிறம் விற்கிறது என்று தெரிந்த பிறகு சாயம் போட்டது மேலாண்மை வகுப்புகளில் பேர் பெற்ற உதாரணம். டவுன் தையல்காரர் துணியைச் சுருளாக வைத்திருந்து ஆள் வந்தபின் அளவெடுப்பதும், மூட்டையும் தராசும் செய்வதும் அதே வேலைதான்.

ஷாம்பூ பக்கட் இதற்கு நேர் எதிர். அளவு தொழிற்சாலையிலேயே முடிவாகிவிடுகிறது. ஆனாலும் அது வென்றதற்குக் காரணம் உண்டு. கடலூர் சின்னிகிருஷ்ணனை இந்தியாவில் இந்தச் சின்னப் பக்கட் முறையின் முன்னோடி என்பார்கள். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் ஆரம்பித்த நிறுவனத்தின் சிக் ஷாம்பூ, கிராமங்களில் பரவியதும் இந்தப் பக்கட்டில்தான். பெரிய போத்தல் வாங்குபவர் ஒரு மாத வருமானத்தை நம்பி வாங்குகிறார். பக்கட் வாங்குபவர் இன்று கையில் இருப்பதை மட்டும் நம்பினால் போதும். கடைக்காரருக்கும் ஒரு சரம் தேங்கினால் நட்டம் சின்னது. அதாவது பக்கட் நிச்சயமின்மையை நறுக்கிச் சிறிதாக்குகிறது. அதற்கான விலையை வாங்குபவர் ஒவ்வொரு மில்லிலீட்டருக்கும் கூடுதலாகக் கொடுக்கிறார், ஓடையும் லயத்துக் கானும் குப்பையாகக் கொடுக்கின்றன. 2021 மார்ச் 31 முதல் உணவும் மருந்தும் தவிர, 20 மில்லிலீட்டருக்கும் 20 கிராமுக்கும் உட்பட்ட பக்கட்களை இலங்கை அரசு தடைசெய்தது. சூழலுக்கு அது தேவைதான். ஆனால் நாட்கூலியில் வாழும் வீட்டுக்கு அந்தப் பக்கட் செய்துகொடுத்த வேலையை இனி எது செய்யும் என்ற கேள்விக்குப் பதில் தராமல் ஒரு தடை முழுமையாகாது. தராசுக்கும் சொந்தப் போத்தலுக்கும் திரும்புவது ஒரு வழி என்று நான் நம்புகிறேன். எண்ணெயை இன்றும் அப்படித்தானே அளந்து வாங்குகிறோம்.

2021, 2022-ல் நடந்ததை மறக்க முடியாது. டொலர் இல்லாமல் பால்மா வரத்து நின்றது. கடைக்கு ஐந்து பெட்டி தேவை. பத்துக் கேட்டால்தான் மூன்று பெட்டியாவது கிடைக்கும் என்று எல்லாக் கடைக்காரரும் புரிந்துகொண்டார்கள். எல்லாரும் பத்துக் கேட்டார்கள். அடுத்த வாரம் இருபது. அந்தக் கணக்கை அப்படியே மேலே அனுப்பினால், மலையகத்தில் திடீரென்று பால் குடிக்கும் பழக்கம் நாலு மடங்கானது போலத் தெரியும். லீ, பத்மநாபன், வாங் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1997-ல் இந்த ஆட்டத்துக்கு விளக்கம் எழுதினார்கள். குழந்தைகளுக்கான பாம்பர்ஸ் நாப்பியை உதாரணம் காட்டினார்கள்: குழந்தை நனைப்பது தினம் ஏறக்குறைய ஒரே அளவு, கடை விற்பனை கொஞ்சம் ஆடுகிறது, விநியோகஸ்தரின் கொள்வனவோ பெரிதாக ஆடுகிறது. மேலே போகப்போக ஆட்டம் கூடும். தட்டுப்பாட்டு நேரத்தில் பங்கிட்டுக் கொடுப்பதும், விலை ஏறும் என்று முன்கூட்டி வாங்கி அடுக்குவதும் அவர்கள் சொன்ன காரணங்களில் இரண்டு. 2022 மார்ச்சில் ரூபாவின் மதிப்பு சரிந்து, அந்த வருடம் செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டபோது, நாளைக்கு விலை என்ன என்பதே தெரியாத நிலை. அந்தக் காலத்தில் நிறுவனங்கள் முதலில் வெட்டியது வகைகளை. பத்து வகை செய்த இடத்தில் நாலு. ஓடும் சாமான் மட்டும். பாதை நீளமான, கொள்வனவு சின்னதான கடைகளுக்கு அந்த நாலிலும் ஒன்றிரண்டுதான் வந்து சேர்ந்தது.

பாதை என்றால் வேன் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்பதும்தான். வாரம் ஒருமுறை வருவது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்றாகிவிட்டால், இரண்டு வருகைக்கு இடைப்பட்ட விற்பனை இரட்டிக்கும், அதைச் சுற்றிய தெரியாமை ஏறக்குறைய 1.4 மடங்காகும். அதற்கேற்ப முன்னெச்சரிக்கையாகக் கூடுதல் சரக்கு வேண்டும், அதற்கு முதல் வேண்டும், அந்த முதல் கொப்பியில் இருக்கிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் மலையகத்தில் மண்சரிந்து பாதைகள் நாட்கணக்கில் துண்டிக்கப்பட்டன. அப்படிப்பட்ட நாளில் ஒரு மூட்டை மா கடையில் 'அதிகமாக' இருப்பதன் பெறுமதியை 20 ரூபா லாபத்தில் அளக்க முடியாது. ஆனால் கடைக்காரரின் கணக்கில் அந்தப் பெறுமதிக்கு இடமே இல்லை. அதை வைத்திருந்ததற்காக யாரும் அவருக்குத் தனியாகக் காசு கொடுப்பதில்லை.

தீபாவளித் துணி தனிக் கதை. மா, பருப்பு போன்றவற்றின் தேவையை ஓரளவு கணிக்கலாம், எனவே செலவைக் குறைப்பதே முக்கியம்; புது மாதிரித் துணி போன்றவற்றைக் கணிக்க முடியாது, எனவே வேகமாகத் திரும்பத் தருவிப்பதே முக்கியம் என்று மார்ஷல் ஃபிஷர் 1997-ல் பிரித்துக் காட்டினார். ஹட்டன் துணிக்கடைக்காரருக்கு இது நன்றாகத் தெரியும். தோட்டம் கொடுக்கும் தீபாவளி முற்பணம் எவ்வளவு, எந்த நாளில் என்று முடிவாகும் முன்பே கொழும்புப் புறக்கோட்டையில் துணி எடுத்தாக வேண்டும். மிஞ்சியது பொங்கலுக்கு, அதற்குப் பிறகு திருவிழாவுக்கு, அதற்கும் பிறகு வேன் வியாபாரியிடம் பாதி விலைக்கு.

எல்லாவற்றையும்விட என்னைச் சுடுவது வேறு ஒன்று. நிறுவனத்திடம் இருப்பது விற்பனைக் கணக்கு. தேவையின் கணக்கு அதனிடம் இல்லை. 25 பாண் எடுத்து 25-ம் விற்றால், அன்று கேட்டவர் 26 பேரா 45 பேரா என்று எந்தப் பதிவும் சொல்லாது. ஒரு பொருளை எடுக்காத கடையில் அதன் விற்பனை பூச்சியம். அந்தப் பூச்சியத்தைப் பார்த்து, அந்தப் பாதையில் அது ஓடாது என்று மேலே எழுதுவோம். எழுதியதால் அடுத்த முறை அந்த வேனில் அது ஏறாது. விற்பனையைப் பதிய நான் கையில் வைத்திருந்த கருவியில் பாதைவாரியாக இப்படிப் பல பூச்சியங்கள் இருந்தன. அவற்றில் ஒன்று பெண்கள் பாவிக்கும் நாப்கின். இறக்குமதி நாப்கின்மேல் வரிகள் எல்லாம் சேர்ந்து 2018 வரை 100 சதவீதத்தைத் தாண்டியிருந்த பொருள் அது. விலை கூடிய, மெதுவாகப் போகும், பெரிய பக்கட். சந்திக் கடைக்காரர் எடுக்க மாட்டார். கடையில் நிற்பவர் ஆண் என்பதால் பிள்ளைகள் கேட்கவும் மாட்டார்கள். கேட்காததால் தேவையில்லை என்று கணக்கு.

சித்தப்பாவுக்கு முடியாமல் போனபின் கடையைச் சித்திதான் பார்த்தார். கல்லாவுக்கு அருகில் ஒரு பழைய பாடசாலைக் கொப்பி வைத்திருந்தார். கடன் கொப்பி இல்லை, வேறு. யாராவது கேட்டு, "இல்லையே மகள்" என்று சொல்ல வேண்டி வந்ததெல்லாம் அதில் ஒரு கோடாக இருந்தது: பெயர் தெரியாத ஒரு கிறீம், பெரிய எழுத்துக் கொப்பி, சீனி வருத்தக்காரருக்கான பிஸ்கட், டோர்ச் பட்டறி. ஒரு பக்கத்தில் தலைப்பே இல்லாமல் கோடுகள் மட்டும் இருந்தன. நான் ஏறிட்டுப் பார்த்ததும், "அது பிள்ளைகள் வந்து என்கிட்ட மெதுவா கேக்கிறது" என்றார். எண்ணிப் பார்த்தேன். அந்த மாதம் முப்பத்தொரு கோடு. மறுவாரம் என் பாதைக் கணக்கில் அந்தப் பொருளுக்கு எதிரே இருந்த பூச்சியத்தை அழித்து, ஒரு பெட்டி கேட்டு எழுதினேன். விற்காத பக்கட்டைத் திருப்பி எடுப்பதாக மேலாளரிடம் எழுத்தில் வாங்க மூன்று வாரம் பிடித்தது. பெட்டி வந்த அன்று சித்தி அதைக் கண்ணில் படாத மாதிரி பிஸ்கட் தட்டுக்குப் பின்னால் வைத்தார். மாதம் முடிவதற்குள் திருப்பி எடுக்க எதுவும் மிஞ்சவில்லை.